தொட்டிக்குள் மாமனார்

தண்ணீர் இவ்வளவு குளிராக இருக்கும் என்று பாஸ்டர் நெகேமியா எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்த்திருக்க வேண்டும், போன தடவையும் இப்படித்தான் இருந்தது, அதற்கு முந்தின தடவையும் இப்படித்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் மூன்றாம் படியில் கால் வைக்கும்போதுதான் இது அவருக்கு ஞாபகம் வருகிறது, வீட்டில் இருக்கும்போது வந்து தொலைப்பதில்லை. பிரசங்க மேடையின் பலகைகளைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மற்ற ஞாயிறுகளில் அவர் நின்று வியர்க்க வியர்க்கப் பேசுகிற இடத்துக்கு நேர் கீழே ஞானஸ்நானத்துக்கென்று இப்படி ஒரு சிமெண்டுத் தொட்டி இருப்பது சபையில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். அவருக்கு மறப்பதில்லை. காலுக்குக் கீழே குழியை வைத்துக்கொண்டு பரலோகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பு பிரசங்கத்தின் நடுவில் சில சமயம் வந்து, சொல்ல வந்ததை விழுங்கச் செய்துவிடும். இப்போது அந்தக் குழியிலேயே இறங்கி நின்றுகொண்டிருக்கிறார். தண்ணீர் இடுப்புக்கு மேலே நிற்கிறது. பாடகர் குழு முதல் சரணத்தை எடுத்துவிட்டது. இந்தப் பாட்டுக்குச் சரணங்கள் அதிகம், அதற்காகத்தான் இதை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், மாமனார் படி இறங்கி வர நேரம் பிடிக்கும் அல்லவா. மாமனார் இன்னும் பக்கத்து அறையில் அங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முக்கல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் நெகேமியா தண்ணீருக்குள் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

எடைதான் விஷயம். விசுவாசம், மனந்திரும்புதல், சாட்சி எல்லாம் அப்புறம், முதலில் எடை. நெகேமியா ஈரத்துணியோடு நின்றாலும் அறுபது கிலோ தாண்டாதவர். மாமனார் மாசிலாமணி நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்து நாற்பது வருசம் இரும்போடு புரண்டவர், அவர் உட்கார்ந்தால் சபையின் கடைசி பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் போய்விடும். அந்த உடம்பை மல்லாக்கச் சாய்த்து, முழுதாக முக்கி, முழுதாக எடுக்க வேண்டும். தெளிப்பு சபைக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, நெற்றியில் நாலு சொட்டு விட்டால் முடிந்தது, யானையே வந்து ஞானஸ்நானம் கேட்டாலும் கொடுத்துவிடலாம். பாப்டிஸ்ட் போதகனாகப் பிறந்தவனுக்குத்தான், பிறக்கவில்லை, ஆனவனுக்குத்தான், இந்தப் பாடு. நேற்று மத்தியானம் மனைவி சுகிர்தாவைக் கட்டிலில் நிற்க வைத்து ஒத்திகை பார்த்தார். இடது கை முதுகுக்கு, வலது கை கூப்பிய கைகளின் மேல், முழங்காலை மடக்கு, சாய். அவள் சாய்ந்தாள், சாய்ந்து மெத்தையில் விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள், எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். எங்கப்பா என்னை மாதிரி இரண்டரை ஆளு, ஒரு ஆளையே நீங்க கீழே போட்டுட்டீங்களே என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் எடை தெரியாது, பயப்படாதீர்கள் என்றும் சொன்னாள். தெரியாதாம். தண்ணீருக்குள் தெரியாது, சரி. தண்ணீருக்கு வெளியே தலையைத் தூக்கும்போது? அந்த இடத்தைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, வேதாகமக் கல்லூரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாத்தியார் காய்ந்த தரையில் நாற்காலியை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவருடைய அங்கி மிதக்கப் பார்த்தது, ஆனால் மிதக்கவில்லை. அதற்கும் சுகிர்தாதான் காரணம். இந்தச் சபைக்கு வந்த புதிதில், முதல் ஞானஸ்நான ஆராதனையில், அவர் தொட்டியில் இறங்கிய வேகத்தில் வெள்ளை அங்கி காற்றை வாங்கி இடுப்பைச் சுற்றிப் பந்தல் போட்டுக்கொண்டது. முன்வரிசைப் பெண்கள் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் இல்லாத பக்கங்களையெல்லாம் தேடினார்கள். மறுநாளே சுகிர்தா அப்பா பட்டறையிலிருந்து ஒரு பை வாஷர் வாங்கி வந்து அங்கியின் அடியோரத்தில் சுற்றிலும் வைத்துத் தைத்துவிட்டாள். லாரியின் பின்கதவுக்குப் போடுகிற இரும்பு வாஷர்கள். அன்றைக்கு மாமனார் எதற்கு என்று கேட்டிருப்பார், இவள் சொல்லியிருப்பாள், அவர் தலையை ஆட்டிவிட்டு நல்ல கனமான வாஷராகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருப்பார். தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்று இருபது வருசத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் கொடுத்த இரும்புதான் நெகேமியாவைத் தண்ணீரில் மானத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறது. இதை ஒரு பிரசங்கத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தார், வேண்டாம், சுகிர்தா கோபித்துக்கொள்வாள், அதுவுமில்லாமல் இப்போது பிரசங்கம் யோசிக்கிற நேரமா, இரண்டாம் சரணம் முடியப்போகிறது, தவமணி பார்க்கிறார்.

சபை நிர்வாகத்தில் இருக்கும் டீக்கன் தவமணி தொட்டியின் விளிம்பில் துண்டோடு நின்றார். துண்டு கொடுப்பதற்காக நிற்கிறார் என்று வெளியார் நினைத்துக்கொள்வார்கள். அவர் நிற்பது சோதிப்பதற்கு. முழுக்கு என்றால் முழுக்கு, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போக வேண்டும், ஏதாவது வெளியே நின்றால் அது குளியல், ஞானஸ்நானம் இல்லை என்பது தவமணியின் கொள்கை. போன வருசம் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தியின் பின்னல் மட்டும் தண்ணீரின் மேல் மிதந்தது. ஆராதனை நடுவில் தவமணி குனிந்து, பாஸ்டர், சடை என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண்ணை மறுபடி முக்க வேண்டியதாயிற்று, அவள் புரை ஏறி இருமினாள், அவள் அம்மா இன்றைக்கு வரைக்கும் எதிரே வந்தாலும் தவமணிக்கு ஸ்தோத்திரம் சொல்வதில்லை. அந்தத் தவமணியின் கண்ணுக்கு முன்னால்தான் மாமனாரின் வயிறு முழுக வேண்டும். வயிறு முழுகுமா. தலை போகும், மார்பு போகும், வயிறு ஒரு தீவாக நின்றுவிட்டால் என்ன செய்வது, கையால் அமுக்குவதா. மாமனாரின் வயிற்றை மருமகன் சபை நடுவே கையால் அமுக்குவதா. அதற்கு எந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள்.

இந்த மாதிரி விஷயத்தில் நெகேமியாவுக்கு ஒரு சொந்தக் கதை உண்டு, யாரிடமும் சொன்னதில்லை, சுகிர்தாவிடம்கூட. பதினேழு வயதில் மோகனூர்க் காவிரியில் அவர் ஞானஸ்நானம் எடுத்தார். மணலில் நின்று சபை பாடியது, பழைய போதகர் பின்னால் சாய்த்தார், காதுக்குள் தண்ணீர் போயிற்று, உலகம் அடங்கிற்று, அந்த ஒரு நொடியில் இடது முழங்காலில் காற்று பட்டது. சந்தேகமே இல்லை. உடம்பெல்லாம் ஆற்றுக்குள் இருக்க, முழங்கால் மட்டும் வெளியே நின்று வெயில் காய்ந்தது. எழுந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அப்பா அழுதார், அந்த நேரத்தில் போய் முழங்கால் விட்டுப்போச்சு என்று எப்படிச் சொல்வது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார், அப்புறம் கல்லூரி, அப்புறம் போதக அபிஷேகம், அப்புறம் கல்யாணம், இப்போது ஐம்பத்தொரு வயது. ஆண்டவர் முழங்கால் பார்க்கிறவர் அல்ல என்று அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் ஜெபத்தில் முழங்கால் போடும்போது அவர் வலது காலைத்தான் முதலில் ஊன்றுவார். மாடிப்படி ஏறும்போது இடது முழங்கால்தான் வலிக்கும். டாக்டர் அதைத் தேய்மானம் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும். தவமணி மாதிரி ஒருவர் அன்றைக்குக் காவிரிக் கரையில் நின்றிருந்தால் இந்தத் தொந்தரவே இருந்திருக்காது என்று நினைத்ததும் தவமணியின் மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

கதவு திறந்தது. மாமனார் வந்தார். அவர் அளவுக்கு அங்கி கிடைக்காமல் பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி வாங்கித் தைத்திருந்தார்கள், ஓரத்தில் ஒரு இடத்தில் பந்தல்காரரின் நீல முத்திரை தெரிந்தது. வலது கையில் மடித்த கைக்குட்டை. மூக்கைப் பிடித்துக்கொள்வதற்கு. மூக்கைப் பிடிக்க விட்டால்தான் இறங்குவேன் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. இரும்பைக் காய்ச்சிய கையோடு இரும்பைத் தொட்டவர், ஓடுகிற லாரியின் மேலேறி ஆணி அடித்தவர், தண்ணீர் என்றால் மட்டும் சொம்பு அளவுக்கு மேல் ஒத்துக்கொள்ளமாட்டார். ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போனபோது எல்லாரும் படகில் ஏற, அவர் மட்டும் கரையில் நின்று செருப்புகளுக்குக் காவல் இருந்தார். முதல் படியில் காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பாடகர் குழுவின் தலைவர் நிலைமையைப் பார்த்துவிட்டு அதே சரணத்தைத் திருப்பி எடுத்தார்.

ஆனால் நெகேமியாவின் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது எடையும் இல்லை, வயிறும் இல்லை. அவற்றை நினைத்துக்கொண்டால் அதை நினைக்காமல் இருக்கலாம் என்றுதான் காலையிலிருந்து அவற்றையே நினைத்துக்கொண்டிருந்தார். மாமனார் எதற்காக முழுகுகிறார் என்பதுதான் அது. மாமியார் ரூபாவதி போன வருசம் தவறினார். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள், அங்கே முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர்களுக்கு மட்டும்தான் இடம், வெள்ளைக்காரப் போதகர் காலத்து விதி, யாரும் மாற்றவில்லை. மண் தள்ளி எல்லாரும் கலைந்த பிறகு நெகேமியா திரும்பிப் பார்த்தார். மாமனார் தனியாக நின்று, மாமியாரின் குழிக்குப் பக்கத்துக் காலியிடத்தை அடி அடியாக நடந்து அளந்துகொண்டிருந்தார். லாரிக்குப் பலகை அளக்கிற அதே நடை. முனையில் நின்று குதிகாலால் தரையைத் தட்டியும் பார்த்தார். சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்து, காப்பியைக்கூடத் தொடாமல், மாப்ளே, நான் முழுகிடறேங்க என்றார். சுகிர்தா அழுதாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. டீக்கன்மார் கூடிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் மணி மணியாகப் பதில் சொன்னார், தவமணியே தலையாட்டினார். அந்தக் காலியிடத்தை அளந்ததைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், அவர் வாயைத் திறக்கவில்லை. விசுவாசத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆறடி நிலத்துக்குக் கொடுக்கலாமா? கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது? மாமா, நீங்கள் ஆண்டவருக்காக முழுகுகிறீர்களா, அத்தை பக்கத்தில் படுப்பதற்காகவா என்று, பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதனிடம், அதுவும் தனக்குப் பெண் கொடுத்த மனிதனிடம் கேட்கிற வாய் எந்த வாய்?

அதுவும் அவர் கேட்கக்கூடிய நிலைமையிலா இருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இராப்போஜனம், அப்பமும் ரசமும் பகிர்கிற ஆராதனை. சபையில் விதி கண்டிப்பானது, முழுகாதவருக்கு அப்பம் கிடையாது. சின்னச் சபை, தட்டைப் போதகரேதான் பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோவார். கடைசி பெஞ்சில் மாமியார் எடுத்துக்கொள்வார், பக்கத்தில் மாமனார் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். எனக்கு மூணு மாசக் கைக்குழந்தையா இருக்கறப்பவே தெளிப்பு சபையில ஒரு தடவை ஆச்சுங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு தடவையா பேர் வைப்பாங்க என்பார், சண்டை போடமாட்டார், ஒரு ஞாயிறும் வராமல் இருக்கமாட்டார். தட்டு கிட்டே வருகிற நேரம் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து பெப்பர்மிண்ட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நெகேமியா தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒரு இடத்தை மட்டும் எட்டு வைத்துத் தாண்டிவிடுவார். அன்றைக்கே மத்தியானம் மாமனார் வீட்டில் கறிச் சோறு. மாப்ளைக்கு நல்லி எலும்பா பாத்து வையி என்று மாமனார் மாமியாரிடம் சொல்வார், தன் தட்டிலிருந்தும் எடுத்து வைப்பார். காலையில் ஒரு விள்ளல் அப்பம் கொடுக்காதவன் மத்தியானம் அவர் வீட்டு நல்லியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருபது வருசத்துக்கு மேல். அந்த நல்லி ஒரு நாளும் அவருக்குச் சரியாக இறங்கியதில்லை, ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்றதும் இல்லை. சுவையாக இருக்கும். அதுதான் வெட்கம்.

கடைசிப் படி. தண்ணீர் ஏறிற்று, உண்மையாகவே ஏறிற்று, மாமனார் இறங்க இறங்க நெகேமியாவின் இடுப்பில் இருந்தது மார்புக்கு வந்தது, தவமணி துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்வாங்கினார். மாமனாரின் பற்கள் அடித்துக்கொண்டன. அவர் இரண்டு கையாலும் நெகேமியாவின் தோளைப் பிடித்தார், அந்தப் பிடியிலேயே தோள் இறங்கிவிட்டது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பேசினால் யார் காதிலும் விழாது. கேட்டால் இப்போது கேட்க வேண்டும், இல்லாவிட்டால் செத்தாலும் கேட்க முடியாது. நெகேமியா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"மாமா, அத்தை பக்கத்துல அந்த இடம் வேணும்னுதானே?"

மாமனார் புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்துகொண்டார்.

"அந்த எடமுங்களா? அதுக்கடியில பாறைங்க மாப்ளே. அன்னிக்கே காலால தட்டிப் பாத்தனே, கடப்பாரை எறங்காது. என்னைய எங்க வேணா பொதைச்சுக்குங்க."

"பின்னே எதுக்கு?"

மாமனார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், அது இன்னும் நனையாமல் இருந்தது.

"உங்க அத்தை இருந்த வரைக்கும் நான் அவ மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்துருப்பனுங்க. போன வருசத்துலருந்து பக்கத்துல ஆள் இல்லையா, உங்களைப் பாத்தேன். தட்டோட என்கிட்ட வர்றப்ப மூஞ்சிய எங்க வெக்கறதுன்னு தெரியாம ஓடறீங்க. மாசா மாசம். ஆண்டவருக்கு என்னையத் தெரியும், அதுல எனக்குச் சந்தேகமில்லை. உங்களை இத்தன வருசம் அப்படி ஓட வெச்சுட்டனேன்னு தானுங்க." பல் மறுபடி அடித்துக்கொண்டது. "வெரசா முக்குங்க. குளுருது."

ஞானஸ்நானம் கேட்பவர் சொல்லக்கூடிய பதில்களைக் கல்லூரியில் வரிசையாக எழுதிப் போட்டிருந்தார்கள், இந்தப் பதில் அதில் இல்லை. இது சரியான பதிலா, தவறான பதிலா, தவமணி கேட்டால் என்ன சொல்வார், இதற்கு ஏதாவது வசனம் இருக்கிறதா என்று நெகேமியாவின் புத்தி ஓடப்பார்த்தது, கண் முந்திக்கொண்டது. போதகர் அழுவது தண்ணீருக்குள் நின்றால் வெளியே தெரியாது, அந்த வகையில் பாப்டிஸ்ட் சபை நல்ல சபை. பாட்டு முடிந்துவிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண்டவரை நம்புகிறீர்களா என்று சபை கேட்கக் கேட்டார், நம்பறேங்க என்று மாமனார் பட்டறையில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். சகோதரர் மாசிலாமணி என்று நெகேமியா கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அந்தப் பெயரை உச்சரித்தார், மூன்றாம் வரிசையில் சுகிர்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இடது கை முதுகுக்கு. வலது கை கைக்குட்டையின் மேல். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று திரியேக நாமத்தைச் சொல்லி முடித்தார். சாய்த்தார்.

முதுகு போகிற வரைக்கும் எல்லாம் ஒத்திகைப்படி நடந்தது. காதுக்குத் தண்ணீர் வந்ததும் மாமனார் மூக்கை விட்டார், கைக்குட்டையை விட்டார், கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது போதகரின் கழுத்து. அவ்வளவு பெரிய உடம்பு சிமெண்டுத் தரையைத் தேடிக்கொண்டு போக, இவரும் கூடவே போனார், வாஷர்கள் ஒவ்வொன்றும் தங்களால் ஆன ஒத்தாசையைச் செய்தன. தண்ணீர் தலைக்கு மேலே மூடிக்கொண்டது. சத்தம் அடங்கிற்று. மாமனாரின் கன்னம் அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. முழங்கால் என்று நினைத்தார் நெகேமியா, இடது முழங்கால், எங்கே இருக்கிறது, இருக்கிறது, உள்ளேதான் இருக்கிறது, தொட்டியின் அடியில் சிமெண்டில் இடித்து நன்றாக வலிக்கிறது, கடவுளே, ஸ்தோத்திரம். எழுந்திருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அப்போது ஒரு கை அவருடைய அங்கியின் கழுத்தைப் பிடித்தது, நாற்பது வருசம் இரும்பு தூக்கிய கை, ஒரே இழுப்பில் அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நேராக நிறுத்தியது. ஒத்திகையில் அவரைக் கவலைப்பட வைத்த தூக்குகிற வேலையை மாமனாரே பார்த்துக்கொண்டார்.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு தவமணியைப் பார்த்தது. தவமணி குனிந்து தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மேலே ஒரு கைக்குட்டை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

"பூரா முழுகியாச்சு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு பேரும்," என்றார்.

அன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு. அரைமணி கழித்து, தலை துவட்டி, உலர்ந்த உடுப்போடு, நெகேமியா அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு, ஒவ்வொரு கையாக வந்து எடுத்துக்கொண்டது, அவர் மனசில் ஒரு நினைப்பும் இல்லை, முழங்கால் மட்டும் விண்விண்ணென்று தெறித்தது, அந்த வலி அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசி பெஞ்சுக்கு வந்தார். தலை தானாகக் குனிந்தது, கால் தானாக எட்டு வைத்தது, தாண்டிப் போய்விட்டார். சுவர் வந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. திரும்பி ஓடிவந்தார். மாமனார் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார், ஆனால் அவர் முகத்திலும் ஏதோ சங்கடம், வாயைத் திறக்காமல் கன்னத்தைச் சுட்டிக் காட்டினார். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. தட்டு வருவதைப் பார்த்ததும் அவருடைய கையும் பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய்விட்டிருந்தது.

அவர் பெப்பர்மிண்டை வாயிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று பார்த்தார். கைக்குட்டை தொட்டியில் கிடந்தது. பெஞ்சில் வைக்க மனசு வரவில்லை, பக்கத்து இடம் ரூபாவதியின் இடம். நெகேமியா தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது உள்ளங்கையை நீட்டினார். மாமனார் அதில் பெப்பர்மிண்டை வைத்துவிட்டு அப்பத்தை எடுத்துக்கொண்டார், மெதுவாக, ரொம்ப மெதுவாக மென்றார்.

ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதம் கூறப் போதகர் இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். உயர்த்தினார். ஒரு கை விரிந்திருந்தது, இன்னொன்று மூடியிருந்தது. தவமணி அதைக் கவனித்தார், மத்தியானம் கேட்பார், கேட்கட்டும். ஆமென் என்று சபை கண்ணை மூடியிருந்தபோது நெகேமியா பெப்பர்மிண்டை வாயில் போட்டுக்கொண்டார்.